தகரக் கூரையின் கீழ்

முருகப் பெருமானின் சினம் தணிந்த இடமாதலால் எங்கள் ஊருக்குத் திருத்தணிகை என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் கூறும். சினம் தணிந்ததே ஒழியச் சித்திரை வெயில் தணியவில்லை. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாள்கள் பல. அந்நாள்களில் தகரக் கொட்டகையினுள் தறி நெய்பவரும், பட்டறை நடத்துபவரும், பாடம் படிக்கும் பிள்ளைகளும் படும் பாட்டை நேயர்கள் அறிவார்கள்.

உள்ளே காற்றுச் சூடாவதே இதற்குக் காரணம் என்றெண்ணிப் பலர் மின்விசிறியை முடுக்குகின்றனர். அது முழுக் காரணம் அன்று. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடு நண்பகலில் 60 டிகிரிக்கு மேலும் காய்கிறது. காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே கையை நீட்டினால் தொடாமலேயே சுடுகிறதல்லவா? தலைகீழாகக் கவிழ்த்த தோசைக்கல்லே தகரக் கூரை. அது கீழ்நோக்கி வீசும் வெப்பக் கதிரை விசிறிக் காற்று தடுக்காது.

ஆகவே கூரையின் மேற்புறத்திலிருந்தே தொடங்க வேண்டும். வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு தளத்துக்கு ஏற்றது; தகரத்தில் உரிந்து போகும். தகரத்துக்கென உள்ள வெள்ளை வண்ணமே வேண்டும். கோடைக்கு முன்னர்ப் புழுதியைக் கழுவிவிடுதல் நன்று.

அடுத்து, உள்ளே ஒரு விதானம். தகட்டுக்கும் விதானத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, கூரையின் தாழ்ந்த விளிம்பிலும் முகட்டிலும் திறப்பு வைத்தால், சூடேறிய காற்று தானே மேலேறி வெளியேறும். அலுமினியத் தாள் பயன்படுத்துவோர், அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இருக்குமாறு அமைத்தல் வேண்டும். இரு பலகைகளுக்கிடையே நெருக்கி வைத்தால் செலவுதான் மிச்சம்.

தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் குளிர்ச்சி உண்டாகும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 2004 ஜூலை 16 அன்று, கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற் கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றியது. 94 குழந்தைகள் மாண்டனர். பிள்ளைகளோடு வாழ்நாளைக் கழித்த எனக்கு, அதன் பின்னரும் கீற்றைப் பரிந்துரைக்க நா எழுவதில்லை. கீற்றை நீக்கிவிட்டுத் தெர்மோகோலை ஒட்டுவதோ, ஒரு கொள்ளியை எறிந்து மற்றொன்றை எடுப்பது போலாகும். அதுவும் எளிதிற் பற்றி, உருகிச் சொட்டி, கரும்புகை கக்கும். கடையில் மலிவாகக் கிடைப்பதால் மக்கள் அதையே நாடுகிறார்கள். கண்ணாடிப் பஞ்சோ பாறைப் பஞ்சோ தீப்பற்றாது. அதன்கீழ் ஜிப்சம் பலகை அடித்து மூடலாம். பஞ்சைக் கையாளும்போது கையுறை அணிய வேண்டும். தோலில் பட்டால் அரிப்பெடுக்கும்.

மார்கழியில் வேறொரு தொல்லை. இரவில் தகடு விரைவாகக் குளிர்ந்துவிட, உள்ளிருந்து எழும் ஈரக்காற்று அதன்மேற் பட்டு நீராகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று கொத்தனாரை அழைப்பாரும் உளர். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது. எனவே பனிக்காலத்திலும் முகட்டுத் திறப்பை அடைக்கலாகாது. பஞ்சின் அறைப் பக்கத்தில் அலுமினியத் தாளைப் பொருத்தி, இணைப்புகளை ஒட்டுநாடாவால் மூடுதல் வேண்டும். விதானத்தைத் தகட்டில் துளையிட்டுத் தொங்கவிடாமல், கூரையின் இரும்புச் சட்டத்தில் மாட்டுக. பலகை அடிக்குமுன் ஒரு பெருமழை பெய்யக் காத்திருந்து, ஒழுகும் ஆணித் துளைகளை அடைத்துக்கொள்ளலாம்.