பழைய மோட்டாரின் தீப்பொறி

அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. எனினும் பழைய வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. அத்தகைய வண்டி காலையில் முனகிக்கொண்டு கிளம்ப மறுத்தால், எஞ்சினைப் பிரிக்குமுன் தீப்பொறியைச் சோதியுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் சிறு முனைகள் இரண்டு தென்படும். மெக்கானிக்குகள் இவற்றைப் ‘பாயிண்டு’ என்பர். இவை சேர்ந்திருக்கையில் பாட்டரியின் மின்சாரம் காயிலின் முதற்சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. முனைகள் பிரிந்ததும் அப்புலம் சட்டெனச் சரிகிறது. அச்சரிவே இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டை எழுப்பிப் பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. மின்னோட்டம் அறுபடும்போது பொறி பிறப்பது விந்தையன்றோ!

முனைகள் முழுதும் விரிந்த நிலையில் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். குறைந்தால் முனைகள் கருகும். மிகுந்தால் காயில் நிறையப் போதிய நேரம் கிட்டாது, பொறி மெலியும்.

சாவியை எடுத்துவிடுங்கள், கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிடுங்கள். இதை மறந்து ஹாண்டிலைச் சுழற்றினால் வண்டி உங்கள் மீதே நகரக்கூடும். முனைகள் நன்கு விரிந்ததும், அளவுத் தகட்டை நடுவே செருகுங்கள். அது சற்றே உரசிக்கொண்டு நழுவ வேண்டும். இன்றேல் திருகைத் தளர்த்திச் சரிசெய்து மீண்டும் இறுக்குங்கள். மேடுபள்ளமான முனைகளை நுண்ணரத்தால் தேய்க்கலாம். விலை அற்பமாதலின் புதியன போடுவதே நன்று என்பது என் கருத்து. புதியனவும் சில வாரங்களிலேயே கருகினால், அருகிலுள்ள கண்டென்சரை மாற்றிப் பாருங்கள்.