உங்களுக்குத் தெரியுமா? மூணாறு தேயிலை கம்பியில் இறங்கியது!

இடுக்கி மாவட்டத்தில், ஆல்ப்ஸ் மலையில் காண்பதுபோன்ற கம்பிவழி நூறாண்டுக்கு முன்பே ஓடியது. அதில் ஏறியவை பயணிகள் அல்ல, தேயிலைப் பெட்டிகள்! மூணாற்றிலிருந்து 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி, 1908 முதல் குறுகிய பாதை ரயில், சரக்கை டாப் ஸ்டேஷனுக்குச் சேர்த்தன. அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் கம்பியில் தொங்கியபடி தமிழகத்தின் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் போய்ச் சேரும். 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவே இல்லை.

தேயிலை இறங்கிய அந்தக் கொட்டகுடிப் பள்ளத்தாக்கை இன்று அறிய நடைதான் சிறந்த வழி. அங்குள்ள குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் செங்குத்தான மலைப்பாதை உண்டு. ஆனால் 2018 மார்ச்சில் குரங்கணி மலைப்பகுதியில் காட்டுத்தீ மலையேறியவர்களின் உயிர்களைப் பறித்தது. கோடையைத் தவிருங்கள், வனத்துறை அனுமதியின்றி ஏறவே வேண்டாம்.