கேஸ் கிணறு வருமுன் நம்ம கிணற்றை அளந்து வைப்போம்

2021 ஜூன் மாதம். ஊரடங்கு நேரம். பேளுக்குறிச்சிச் சந்தை கூடவில்லை. கொல்லிமலையிலிருந்து இறங்கிய பலாவும் வாழையும் அடிவாரத்திலேயே கிடந்தன. அப்போதுதான் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து சம்பந்தி போன் செய்தார்.

"சம்பந்தி, எங்க அரியலூர் மாவட்டத்துல கேஸ் எடுக்கக் கிணறு போடப் போறாங்களாம். பேப்பர்ல வந்திருக்கு. நாளைக்கு நம்ம காட்டைக் குத்தகைக்குக் கேட்டா கொடுக்கலாமுங்களா? உங்க பக்கம்தான் போர் வண்டிக்காரங்க ஜாஸ்தி. விசாரிச்சுச் சொல்லுங்க."

"அதெல்லாம் கொடுக்காதீங்க சம்பந்தி" என்று உடனே சொல்லிவிட்டேன். "ஏன்னு சொல்லுங்க, ஊர்க்கூட்டத்துல நான் பேசணுமில்ல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நம்மாழ்வார் ஐயா மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போனபோது கூட நின்று கோஷம் போட்டவன் நான். 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் ஐயாவின் உயிர் பிரிந்ததும் அந்த வேலையில் இருந்தபோதுதான். ஆனால் கேஸ் எப்படி எடுக்கிறார்கள், அது நம் தண்ணீரை எந்த வழியில் கெடுக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் கேட்டறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். மீத்தேன், ஷேல், ஹைட்ரோகார்பன் என்று மூன்று பெயர் அடிபடுகிறது. மூன்றிலும் கடைசியில் பெரும்பாலும் வெளியே வருவது மீத்தேன் வாயுதான். அது எந்தப் பாறையில் இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். மணற்பாறையில் இருந்தால் துளை போட்டதும் தானாக மேலே வரும். டெல்டாவில் பல காலமாக எடுப்பது இந்த வகை. நிலக்கரிப் படிவத்தில் இருந்தால், கரியை அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். அழுத்தம் குறைந்த பிறகுதான் வாயு கழன்று வரும். 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டருக்கு ஒப்பந்தம் போட்டது இந்த வகைக்குத்தான். தஞ்சை, திருவாரூர் உழவர்கள் கொதித்ததற்குக் காரணம் அந்த நீர் இறைப்பு. 2015 அக்டோபரில் மாநில அரசு அதை மறுத்துவிட்டது.

மூன்றாவது ஷேல். களிமண் கோடிக்கணக்கான வருடம் அழுந்தி ஏடு ஏடாக ஆன பாறை. வாயு அதற்குள் ஊசிமுனை நுழையாத இடுக்குகளில் மாட்டிக் கிடக்கும். சும்மா துளை போட்டால் வராது, பாறையை உடைக்க வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் கீழே இறங்கி, அங்கிருந்து துளையைப் படுக்கையாகத் திருப்பி, மேலும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டுவார்கள். பிறகு தண்ணீர், மணல், ரசாயனம் மூன்றையும் கலந்து பெரும் அழுத்தத்தில் உள்ளே தள்ளுவார்கள். பாறை விரிசல் விடும், மணல் போய் அந்த விரிசலை மூடாமல் முட்டுக் கொடுக்கும்.

நம்ம திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுகின்றன. அதனால் நாமக்கல்காரனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நம் கருங்கல் பூமியில் தண்ணீர் குறைந்த போருக்குள் தண்ணீரை அழுத்திச் செலுத்தி விரிசலைத் திறந்துவிடுவது உண்டு. அதே சங்கதிதான், அளவுதான் வேறு. நம்ம போர் ஆயிரம் அடி என்றால் அது பத்தாயிரம் அடி. நாம் உள்ளே விடுவது வெறும் தண்ணீர், சில டேங்கர். அங்கே ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் ஆயிரம் நடை. ரசாயனம் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் என்பார்கள். ஒரு கோடியில் நூற்றில் ஒன்று என்றால் ஒரு லட்சம் லிட்டர். அதில் ஒரு பகுதி திரும்ப மேலே வரும். வரும்போது ஆழத்தில் கிடந்த உப்பையும், பேரியம் போன்ற உலோகங்களையும், சில இடங்களில் ரேடியத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அதை எங்கே கொட்டுவது என்பது அமெரிக்காவிலேயே தீராத தலைவலி. ஓக்லஹோமா மாநிலத்தில் எண்ணெய், வாயுக் கிணறுகளின் கழிவுநீரை மறுபடி பூமிக்குள் செலுத்தியதால் நிலநடுக்கங்கள் பெருகின.

இந்தியாவில் இன்னும் ஷேல் வாயுவை வணிக அளவில் எடுக்கவில்லை. ஆனால் ஷேல் இருக்கக்கூடிய படுகைகள் என்று மத்திய அரசு குறித்திருக்கும் பட்டியலில் காவிரிப் படுகையும் உண்டு. 2016-ல் வந்த கொள்கைப்படி ஒரே உரிமத்தில் எல்லா வகை ஹைட்ரோகார்பனையும் தேடலாம், எடுக்கலாம். 2018-ல் பழைய ஒப்பந்தக்காரர்களுக்கும் ஷேல் தேட அனுமதி கொடுத்தார்கள். எனவே "இது மீத்தேன் இல்லை, ஷேல் இல்லை, சாதாரணக் கிணறுதான்" என்று யாராவது சமாதானம் சொன்னால், அந்தப் பேச்சுக்குக் காகிதத்தில் பெரிய மதிப்பில்லை.

சரி, பத்தாயிரம் அடிக்குக் கீழே உடைப்பது நூறு அடியில் இருக்கும் நம் தண்ணீரை எப்படிக் கெடுக்கும்? சம்பந்தி கேட்ட முக்கியமான கேள்வி இது. நிறுவனத் தரப்பிலும் இதையேதான் கேட்பார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டிமாக் என்று ஒரு கிராமம். 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டுத் தண்ணீர்க் கிணறு வெடித்தது. கிணற்றில் மீத்தேன் சேர்ந்திருந்தது. அடுத்து டியூக் பல்கலைக்கழக ஆட்கள் அந்தப் பக்கத்தில் 68 குடிநீர்க் கிணறுகளைச் சோதித்து 2011-ல் வெளியிட்டார்கள். கேஸ் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் சராசரியாக 17 மடங்கு அதிகம். ஆனால் பாறை உடைக்கப் போட்ட ரசாயனத்தின் தடயம் அவற்றில் இல்லை. இதையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் கூட்டங்களில் பாதியைச் சொல்லிவிட்டு, எதிர்த்தரப்பு மீதியைச் சொல்லும்போது முழிக்கிறோம்.

அப்படியானால் மீத்தேன் எந்த வழியாக வந்தது? 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு, தாங்கள் பார்த்த கெட்ட கிணறுகளில் காரணம் பெரும்பாலும் கேஸ் கிணற்றின் கேசிங் பைப்பும் சிமெண்டும்தான் என்று காட்டியது. நம்ம போரில் மேல்மண் சரியாமலிருக்க, பாறை தட்டும்வரை கேசிங் இறக்குகிறோம், அவ்வளவுதான். கேஸ் கிணற்றில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல இரும்புக் குழாய்களை இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் சிமெண்டை நிரப்புவார்கள். நம் குடிநீர் மட்டத்துக்கும் வாயுவுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுவர் மட்டும்தான். சிமெண்ட் சரியாக ஒட்டவில்லை, சுருங்கிவிட்டது, இரும்பு துருப்பிடித்தது என்றால் குழாயின் ஓரமாகவே வாயு மேலேறி நம் ஊற்றில் கலக்கும். ஷேல் கிணறானாலும் சாதாக் கிணறானாலும் இந்தச் சுவர் உண்டு, இந்த ஆபத்தும் உண்டு. வாயு தீர்ந்து கம்பெனி மூடிவிட்டுப் போன பிறகும் குழாய் மண்ணுக்குள்தான் இருக்கும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. சில வருடம் முன்பு பக்கத்துக் காட்டுப் பங்காளி ஒரு போர் போட்டார். வண்டி ஓடிய இரண்டு நாளும் என் திறந்த கிணற்றுத் தண்ணீர் மோர் மாதிரி கலங்கியது. அந்தக் கோடையில் மட்டமும் இறங்கிவிட்டது. பஞ்சாயத்து வைத்தேன். பெரியவர் ஒருவர் கேட்டார்: "போன வருசம் இதே மாசம் உன் கிணத்துல எத்தனை அடி தண்ணி இருந்துச்சுப்பா?" நிறைய இருந்துச்சுங்க என்றேன். "நிறையன்னா எத்தனை அடி?" சொல்லத் தெரியவில்லை. அதோடு பஞ்சாயத்து முடிந்தது. அந்த வருடம் மழையும் குறைவு. போரால் போனதா, மழையால் போனதா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பங்காளியோடு பேச்சு நின்றுபோனதுதான் மிச்சம்.

கேஸ் விஷயத்திலும் இதே கேள்விதான் வரும். மீத்தேன் சில இடங்களில் இயற்கையாகவே கிணற்றுத் தண்ணீரில் இருக்கும். டெல்டாவின் கடலோரத்தில் உப்பு ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் எதையும் பேசலாம். பென்சில்வேனியாவில் 2012-க்குப் பிறகு ஒரு விதி உண்டு: கேஸ் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் நிறுவனம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது நிறுவனத்தின் பாடு. அதனால் அங்கே துளை போடும் முன்பே கம்பெனிக்காரனே வீடு வீடாக வந்து தண்ணீர் மாதிரி எடுத்துப் போகிறான். இங்கே அந்த வேலையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

சட்டம் நமக்கு எவ்வளவு துணை? 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நல்ல சட்டம். நெடுவாசலில் 2017-ல் மாதக்கணக்கில் உட்கார்ந்த மக்களும், அதே வருடம் ஜூன் 30-ல் குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியதைக் கேட்டு அடிவாங்கிய கதிராமங்கலம் மக்களும் இல்லாமல் அது வந்திருக்காது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதியிலும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், வாயு, ஷேல் எதற்கும் துளை போடக்கூடாது. ஆனால் ஏற்கெனவே ஓடும் கிணறுகளை அது தொடாது. அரியலூர், திருச்சி, கரூர் மாவட்டங்கள் சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டன. சம்பந்தியின் காடு அந்த வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. 2021-ல் அரியலூரில் பத்து ஆய்வுக் கிணறுகளுக்குக் கேட்ட விண்ணப்பத்தை மாநில ஆணையம் திருப்பி அனுப்பியது. இன்னொரு முறை கேட்க முடியாது என்று அதற்கு அர்த்தமில்லை. 2020 ஜனவரியில் மத்திய அரசு விதியைத் திருத்தி, ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. வாயு எடுக்கும் கட்டத்தில்தான் கருத்துக்கேட்பு. அதற்குள் உங்கள் தண்ணீர் மட்டத்தைத் துளைத்து ஒரு குழாய் போயிருக்கும்.

வருமானத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் நிலத்துக்காரருக்கே அடியில் இருப்பதிலும் உரிமை, அதனால் வாயுவில் பங்கு கிடைக்கும். இங்கே நமக்குக் குத்தகைப் பணம் மட்டும். வாயுவுக்கான ராயல்டி அரசுக்குப் போகும்.

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்கள் ஊரிலேயே கேட்கிறார்கள். உண்மைதான், நம் கருங்கல்லில் கேஸ் கிடையாது. மலை மேல் பாக்சைட் வெட்டியது போதும் நமக்கு. ஆனால் எடுத்த வாயு குழாயில் போயாக வேண்டும். கொச்சி - பெங்களூரு கெயில் குழாய்க்குக் குறித்த ஏழு மாவட்டங்களில் நாமக்கல்லும் ஒன்று. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய் உழவர்கள் தோற்ற வழக்கு அது. 1962-ஆம் வருடச் சட்டப்படி நிலம் நம் பெயரிலேயே இருக்கும். ஆனால் குழாய் போன பட்டையில் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. நிலத்துக்கான ஈடு சந்தை மதிப்பில் பத்து சதவீதம். ஆட்சேபணை சொல்ல அரசிதழ் அறிவிப்பிலிருந்து 21 நாள்தான் அவகாசம். தென்னையும் மாவும் வைத்தவர்கள் அந்த 21 நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்திக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். ஒரு நோட்டுப் போடுங்க. மாதம் ஒரு நாள், காலையில் மோட்டார் போடும் முன்பு, கயிற்றில் கல்லைக் கட்டி மட்டத்தை அளந்து எழுதுங்க. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான், ஊருக்கு ஒன்று போதும். கோடையில் ஒரு முறையும் மழை முடிந்து ஒரு முறையும் சோதனைக்கூடத்தில் கொடுங்க. மண் பரிசோதனை நிலையத்திலோ குடிநீர் வடிகால் வாரியச் சோதனைக்கூடத்திலோ கார அமிலத் தன்மை, உப்பு, குளோரைடு, சோடியம் பார்த்துவிடலாம். பேரியம், ஸ்ட்ரான்ஷியம், மீத்தேன் மூன்றும் எல்லா இடத்திலும் பார்க்க மாட்டார்கள். அதற்குப் பெரிய சோதனைக்கூடம் வேண்டும், செலவும் ஆகும். ஊரில் நாலு திசைக்கு நாலு கிணறாகத் தேர்ந்தெடுத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மாதிரி எடுக்கும் முன் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிடுங்க, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகட்டும். சோதனைக்கூடத்தில் கொடுக்கும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். மீத்தேனுக்கு என்றால் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, ஐஸ் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தேதி, நேரம், சர்வே எண் ஒட்டி, ஊரில் இரண்டு பேர் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து வைத்துவிடுங்க. தண்ணீர் சோடா மாதிரி நுரைத்தால் தீக்குச்சி கொளுத்திப் பார்க்க வேண்டாம். வீடியோவில் வேடிக்கையாக இருக்கும், மூடிய மோட்டார் ரூமில் உயிர் போகும்.

இப்போது அவர் ஊரில் பதினோரு கிணற்றுக்கு நோட்டு ஓடுகிறது. என் கிணற்றுக்கும் போட்டேன். பங்காளி போருக்கும் சேர்த்துப் போடலாமா என்று கேட்கத்தான் போன மாசம் அவர் காட்டுக்குப் போனேன். அளந்துகொள்ளச் சொன்னார், கயிற்றின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.