குடித்தவன் கொடுத்த இரத்தம்

"குடிகாரன் ரத்தத்தை ஏத்துனா நோயாளிக்கும் போதை ஏறிடுமா?" என்று தோட்டத்துப் பக்கம் கேட்பதுண்டு. சிரிக்க வேண்டாம், நல்ல கேள்விதான். கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒருவர் தள்ளாடும் அளவுக்குப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 மில்லிகிராம் சாராயம் இருக்கலாம். (மலேசியாவில் 2020இல் திருத்திய சட்டப்படி, வண்டி ஓட்டுகிறவருக்கு 50ஐத் தாண்டினாலே குற்றம்.) அவரிடம் ஒரு பை, அதாவது 450 மில்லிலிட்டர் எடுத்தால், அதில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவு. இரண்டு மேசைக்கரண்டி பீரில்கூட அதைவிட அதிகம் உண்டு. நோயாளியின் உடம்பில் ஓடும் நாலைந்து லிட்டரில் அது கலந்தால் போதை எங்கே ஏறப்போகிறது?

அப்படியானால் குடித்துவிட்டு வருகிறவரை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்? குடித்த உடம்பிலிருந்து தண்ணீர் சிறுநீராய்ப் போய்விடும். அதோடு ஒரு பை இரத்தமும் போனால் தலை சுற்றி அங்கேயே விழுவார். ஆனால் பெரிய காரணம் வேறு. இரத்தம் எடுக்குமுன் தாதி ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். மப்பில் இருப்பவன் எதற்கும் "இல்லை, இல்லை" என்றுதான் தலையாட்டுவான். அந்தப் பதிலை நம்பித்தானே ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள்!

மாத்திரை விஷயம் பலருக்குத் தெரியாது. மூட்டு வலிக்கென்று ஆஸ்பிரின் போட்டால், இரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் வேலை செய்யாமல் போய்விடும். அந்த அணுக்களின் ஆயுசே பத்து நாளுக்குள்தான். கெட்டது கெட்டதுதான், புதிது ஊறி வர வேண்டும். டிங்கிக் காய்ச்சலில் இரத்தம் கசிகிறவருக்கு அந்த பிளேட்லெட்டைக் கொடுத்து என்ன பயன்? அதே இரத்தத்தின் சிவப்பணுக்கள் நன்றாகவே பயன்படும். ஆகவே மாத்திரை பெயரைச் சொன்னால் போதும், எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முகப்பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை வயிற்றில் இருக்கும் சிசுவையே ஊனமாக்கக்கூடியது. அதை நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். வாலிபப் பிள்ளைகள் இதைக் கவனிக்கணும்.

போதை ஊசிதான் எல்லாவற்றையும்விடக் கொடியது. இங்கே பயம் மருந்தைப் பற்றியல்ல, ஊசியைப் பற்றி. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றிப் போடும்போது எய்ட்ஸ் கிருமியும், ஈரலைத் தின்னும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும். ஹெபடைடிஸ் சி கிருமியை அடையாளம் கண்டதே 1989இல்தான். அதற்கு முன் எத்தனை பேருக்கு இரத்தத்தோடு அது ஏறியதோ!

"இப்பத்தான் எல்லாத்துக்கும் டெஸ்ட் இருக்கே, மச்சான்" என்பார்கள். இருக்கிறது. ஆனால் கிருமி உடம்பில் புகுந்த முதல் சில நாட்களில் எந்த டெஸ்டிலும் அது அகப்படாது. அந்த நாட்களில் கொடுத்த இரத்தம் சுத்தமானது என்றே முத்திரை பெறும். ஒரு பையைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்தால் மூன்று பேருக்குப் போகும். 'எய்ட்ஸ் இருக்கா, இல்லையா என்று ஓசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இரத்த தானத்துக்குப் போவதும் இதனால்தான் பெரிய தப்பு. அதற்கென்று அரசாங்க கிளினிக்கில் தனியாகச் சோதனை உண்டு.

கோயில் மண்டபத்தில் முகாம் போடும்போது கூட்டாளிகளோடு போய்விட்டு, எல்லார் முன்னாலும் "நான் கொடுக்கலை" என்று சொல்ல வெட்கமாயிருக்கும். கேள்வி கேட்கும்போது தாதியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். "இன்னிக்குப் பிரஷர் சரியில்லை" என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிட்டு வரலாம், யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். கொடுத்த பிறகு மனசு உறுத்தினால் அன்றைக்கே இரத்த வங்கிக்குப் போன் போட்டு, "என் பையை எடுத்து வையுங்கள்" என்று சொல்லுங்கள். யாருக்கும் ஏற்றாமல் தூக்கி எறிந்துவிடுவார்கள்.