கட்டுக்கரை முதல் மாதோட்டம் வரை: வழிகாட்டியுடன் காணவேண்டிய தொல்லிடங்கள்

நைல் நதிக்கரையில் பிரமிட்டுகளையும் கோயில்களையும் காணச் செல்லும் பயணிக்கு அவை இருக்கும் இடத்தைச் சுட்டிக்காட்ட எவரும் தேவையில்லை. அவை யாரால், எதற்காக, எவ்வாறு கட்டப்பட்டன என்று விளக்குவதற்கே வழிகாட்டி வேண்டும். மன்னார்ப் பெருநிலப்பரப்பில் கட்டுக்கரைக்குளத்தில் தொடங்கி மாந்தை, திருக்கேதீச்சரம் வழியாக மன்னார்த் தீவு வரை பரந்துள்ள தொல்லிடங்களின் நிலை வேறு. இங்கே பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கிறது. மேலே தெரிபவை நீண்ட குளக்கட்டு, புல் மூடிய மேடு, தூர்ந்துபோன அகழி, ஆங்காங்கே சிதறிய ஓட்டுத் துண்டுகள் ஆகியனவே. அவை இன்னவை என்று அறியாமல் வீதியில் கடந்துபோவோரே அதிகம். ஒரு குடும்பமோ நான்கைந்து பேர் கொண்ட குழுவோ தமக்கென ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு ஆறுதலாகப் பார்க்கும் தனிச் சுற்றுலா எகிப்தில் ஒரு வசதி எனலாம். கட்டுக்கரையில் அது இல்லாமல் எதையும் பார்த்ததாகக் கொள்ள முடியாது.

இவ்விரு நிலங்களுக்கும் பழைய உறவும் உண்டு. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தொலமி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய புவியியல் நூலில் இலங்கையின் வணிகத் தலமொன்றை மொதுத்து எனக் குறிக்கிறார். அது மாதோட்டமே, அதாவது இன்றைய மாந்தையே, என்று ஆய்வாளர் சிலர் கொள்வர். அதே நகரத்து வணிகரான கொஸ்மாஸ், கி.பி. 6ஆம் நூற்றாண்டில், கீழைக்கடலும் மேலைக்கடலும் சந்திக்கும் சந்தையாக இலங்கையை வருணித்தார். 1283ஆம் ஆண்டில் யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, எகிப்திய சுல்தான் கலாவூனிடம் வணிக உறவு நாடித் தூது அனுப்பினான். இக்கடல் வணிகத்தின் சான்றாக, எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், செராபிஸ் கோயிலில், இந்தியாவில் வனையப்பட்ட சாடியொன்றுக்குள் 7 கிலோவுக்கு மேற்பட்ட கருமிளகு கிடைத்தது. எகிப்தின் அரசர் பள்ளத்தாக்கிலுள்ள கல்லறைச் சுவர்களில் பண்டைய கிரேக்க, இலத்தீன் பயணிகள் தம் பெயரைக் கீறிச் சென்ற எழுத்துகள் 2000க்கு மேல் உள்ளன; அவற்றுக்கிடையே தமிழ்ப் பிராமி எழுத்தில் சிகை கொற்றன் என்ற பெயர் பல கல்லறைகளில் அண்மையில் படிக்கப்பட்டுள்ளது. தொல்லிடங்களைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் தமிழருக்கும் புதியதன்று.

வழிகாட்டித் தொழிலும் அதேயளவு பழையது; அதன் குறையும் அப்படியே. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ், பெரிய பிரமிட்டில் பொறிக்கப்பட்டிருந்த எழுத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமக்குப் படித்துக் காட்டியதாகவும், வேலையாட்களின் முள்ளங்கிக்கும் வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் 1600 தாலந்து வெள்ளி செலவான கணக்கு அது என்று அவர் சொன்னதாகவும் எழுதி வைத்தார். அந்த வாசிப்பை இன்றைய அறிஞர் எவரும் நம்புவதில்லை. எகிப்தில் இப்போது வழிகாட்டியாவதற்குப் பட்டமும் அரசு அனுமதிப்பத்திரமும் வேண்டும். அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளுக்குள் நின்று விளக்கம் சொல்ல அவர்களுக்கு இசைவில்லை. கூட்டம் தேங்கினால் மூச்சின் ஈரம் சுவரோவியத்தைக் கெடுக்கும் என்பதால், வாசலுக்கு வெளியே படங்களைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கிய பின்னரே பயணிகளை உள்ளே அனுப்புவர். எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை அறிந்துகொண்டு பார்க்கும் இந்த முறை மன்னாருக்கு மிகவும் பொருந்தும்.

சுற்றுலாவைக் கட்டுக்கரைக்குளத்தின் கட்டிலிருந்து, வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது. மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியின் அருகே, முருங்கனை அடுத்துக் கடல்போல் விரியும் இக்குளத்தை வரைபடங்கள் சிங்களத்தில் யோத வாவி என்றும் ஆங்கிலத்தில் ஜயன்ட்ஸ் டாங்க் என்றும் குறிக்கின்றன. சூளவம்சம் என்னும் பாளி வரலாற்று நூல், 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியதாகவும் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு திருத்தியதாகவும் கூறும் மானாமத்த குளம் இதுவே என்பது பலரது கருத்து. மன்னர் பெயர்களைச் சொல்லி முடித்துவிடும் வழிகாட்டி இக்குளத்தின் பெருமையில் பாதியைத் தவறவிடுகிறார். பார்க்கவேண்டியது, மழை குறைந்த ஒரு சமவெளியில் இவ்வளவு நீர் எப்படி வந்து சேர்ந்தது என்பதையே.

இக்குளத்துக்குப் பேராறு எதுவும் நேரே வந்து விழுவதில்லை. அநுராதபுரப் பக்கத்திலிருந்து மல்வத்து ஓயா என்ற பெயரில் வரும் அருவியாறு, குளத்துக்குத் தெற்கே தன் வழியில் கடலை நோக்கிப் போகிறது. அந்த ஆற்றின் குறுக்கே பெருங்கற்களை அடுக்கித் தேக்கம் என்னும் அணையைக் கட்டி, நீரின் மட்டத்தை உயர்த்தி, அதன் ஒரு பங்கைக் கால்வாய் வழியே திருப்பிக் குளத்துக்குக் கொண்டுவந்தனர். நிலம் மிகத் தட்டையானது. கால்வாயின் சரிவு சிறிது கூடினால் கரை அரிக்கும், சிறிது குறைந்தால் நீர் நகராது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்து 1859இல் இலங்கை பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் டெனன்ட், மட்டக் கணக்குப் பிழைத்ததால் இப்பணி பயனின்றிப் போனது என்ற கருத்தை எழுதினார். பின்னர் நிலத்தை அளந்த பிரித்தானியப் பொறியாளர்கள் பழையோரின் மட்டம் சரியானது என்று கண்டனர். அந்நூற்றாண்டின் இறுதியில் குளம் திருத்தப்பட்டபோது நீர் பழைய வழியிலேயே வந்து சேர்ந்தது. நவீனக் கருவிகள் கொண்டு அளந்தவர்கள் அவையின்றி அளந்தவர்களிடம் ஒப்புக்கொண்ட இந்தச் செய்தி, குளக்கட்டில் நின்று ஒவ்வொரு மாணவனுக்கும் சொல்லப்படவேண்டியது.

நல்ல வழிகாட்டி அடுத்ததாகத் துருசடிக்கு, அதாவது குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகுக்கு, அழைத்துச் செல்வார். அங்கிருந்து பிரியும் வாய்க்கால்கள் வயலுக்குப் போகுமுன் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு குளங்களை நிரப்புகின்றன. பெருங்குளம் வற்றத் தொடங்கினாலும் ஊர்க்குளத்தில் சில காலம் நீர் நிற்கும். பெரும்போகமும் சிறுபோகமும் இந்த ஒழுங்கை நம்பியே நடக்கின்றன. எகிப்தின் கோயில்கள் வழிபாடு ஓய்ந்தவை, கல்லறைகள் வெறுமையானவை. கட்டுக்கரையோ இன்றும் நெல் விளைவிக்கும் தொல்சின்னம். இதன் கட்டில் நிற்கும் கமக்காரரும் ஒரு வழிகாட்டியே. எந்த ஆண்டு வான் பாய்ந்தது, எந்த வாய்க்கால் கடைசி வயலுக்கு நீர் தராது என்பன அவருக்கே தெரியும்.

குளத்தை அண்டிய நிலத்தில் 2016–2017 காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் அகழ்வாய்வு செய்தனர். கிடைத்தவற்றில் கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகள் முக்கியமானவை. சூளையில் கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் அமையும் இவ்வகைப் பாண்டம், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இரும்புக் காலத்துக் குடியிருப்புகளை அடையாளம் காட்டுவது. அவற்றோடு சுடுமண்ணாலான குதிரை, யானை, காளை, மனித உருவங்கள் உடைந்த நிலையில் கிடைத்தன; பேராசிரியர் அவற்றை ஐயனார் வழிபாட்டோடு தொடர்புபடுத்தி விளக்கினார். புத்தளம் மாவட்டத்துத் தப்போவ பகுதியிலும் குளங்களை அண்டி இத்தகைய சுடுமண் உருவங்கள் முன்னரே கிடைத்திருக்கின்றன. வன்னியில் குளக்கட்டுதோறும் ஐயனாருக்குப் பொங்கும் வழக்கமும், வடமத்திய மாகாணத்தில் சிங்கள விவசாயிகள் ஐயநாயக்க தெய்வத்துக்கு நேர்த்தி வைக்கும் வழக்கமும் இன்றும் உள்ளன. குளத்தைக் காக்கும் தெய்வம் என்ற நம்பிக்கை மொழி எல்லைகளைக் கடந்தது என்பதைக் காட்டும் இவ்விடத்தில், அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. கண்டெடுத்தவற்றின் படங்களை வழிகாட்டி கையோடு கொண்டுவராவிட்டால், வந்தவர் வெறும் தரையையே பார்த்துத் திரும்புவார்.

அங்கிருந்து வடமேற்கே மாந்தைக்குச் செல்லவேண்டும். மாதோட்டம் என்று தேவாரமும் மகாதித்த என்று பாளி நூல்களும் குறிக்கும் பெருந்துறைமுகம் இதுவே. குதிரை இலாட வடிவில் வளைந்த மேடும் அதைச் சூழ்ந்த ஈரடுக்கு அகழியும், அறிந்தவர் சுட்டும்வரை கண்ணுக்குப் புலப்படா. 1887இல் போக், 1920களில் ஹோகார்ட், 1950களின் தொடக்கத்தில் சண்முகநாதன் எனப் பலர் இங்கு ஆராய்ந்தனர். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் தோண்டியதே விரிவானது. உள்நாட்டுப் போர் மூண்டதால் அப்பணி நின்றது. முழு அறிக்கை நூலாக வருவதற்கு 2013 ஆகிவிட்டது. சீனத்துத் தாங் காலப் பீங்கான், பாரசீக வளைகுடாவின் பச்சைநீல மெருகிட்ட பாண்டம், உள்ளடியில் சிறு பற்சக்கரத்தால் வட்ட வட்டமாகக் கோலமிட்ட ரௌலட்டட் பாண்டம், கண்ணாடி மணிகள், சங்கு வளையல் துண்டுகள் எல்லாம் ஒரே மேட்டில் கிடைத்தன. மெருகும் களிமண்ணும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுவதால், எழுத்தில்லாத ஒரு சில்லே அந்த மண்ணடுக்கின் வயதைச் சொல்லிவிடும்.

2009–2010இல் மீண்டும் தோண்டியபோது ஆய்வாளர்கள் பாண்டங்களைவிடச் சிறியவற்றைத் தேடினர். அள்ளிய மண்ணை நீரில் கரைத்தால் மண் அடியில் தங்க, கருகிய விதைகள் மேலே மிதக்கும். அவற்றை மெல்லிய வலையில் வடித்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது இம்முறை. நெல்லுக்கிடையே சில மிளகும், கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட ஒரேயொரு கிராம்பும் அகப்பட்டன. கிராம்பு அக்காலத்தில் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. கீழைக்கடல் வணிகம் மாந்தையைத் தொட்டதற்கு, சீனப் பீங்கானோடு, நகத்தளவுகூட இல்லாத அந்தக் கருகிய மொட்டும் உறுதியான சான்று.

மேட்டின் நடுவே உள்ளது திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது ஊர் மரபு. 1872இல் ஆறுமுக நாவலர் இதை மீட்டெடுக்க அறைகூவல் விடுத்தார்; 1894இல் பழைய இலிங்கம் மண்ணிலிருந்து வெளிப்பட்டது; சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று நடத்திய திருப்பணிக்குப் பின் 1976இல் குடமுழுக்கு நடந்தது. கோயிலின் பாலாவித் தீர்த்தக்கரையில் வழிகாட்டியின் தரம் தெரிந்துவிடும். மண்டோதரியின் தந்தை மயன் ஆண்ட ஊர் மாந்தை என்பதும், கேது பூசித்த தலம் இது என்பதும் தலைமுறைகள் போற்றி வந்த மரபுகள். அவற்றைச் சொல்லாமல் விடுவது வறட்சி. ஆனால் அவற்றையும் அகழ்வாய்வு முடிவுகளையும் ஒரே குரலில் கலந்து சொல்வது கேட்பவருக்குச் செய்யும் தீங்கு. பாளி நூல்களை மட்டும் படித்தவரும் தேவாரத்தை மட்டும் படித்தவரும் இங்கே பாதிக் கதையே சொல்வர். இரண்டையும் சொல்லி, ஆய்வாளர் கருத்து வேறுபடும் இடங்களையும் மறைக்காதவரே நம்பத்தக்கவர்.

நேரமிருந்தால் பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குப் போகலாம். 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795இல் பிரித்தானியர் வசமான கோட்டையும், அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும், ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுள்ள பள்ளிமுனைப் பெருக்கமரமும் அருகருகே உள்ளன. கோட்டை தானே பேசும். அங்கே விளக்கம் சுருக்கமாக இருக்கலாம்.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, நாடு முழுவதற்குமான தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்குரிய வழிகாட்டி, குறித்த ஒரு தலத்துக்குரிய வழிகாட்டி எனப் பிரித்து அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அமர்த்துவதற்கு முன் அந்தப் பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கடைசி இரு வகையினருள் முருங்கன், நானாட்டான், அடம்பன் இளைஞர்கள் பெருகினாலே இத்தொல்லிடங்கள் தமிழில் பேசத் தொடங்கும்; கொழும்பிலிருந்து வரும் வழிகாட்டிக்குத் துருசடியும் ஐயனார் பொங்கலும் தெரிய வாய்ப்பில்லை. மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை: குளத்தில் நீரும், இன்னும் திரும்பிப் போகாத வலசைப் பறவைகளும் இருக்கும், மாந்தை மேட்டின் புல்லும் காய்ந்து தரை தெரியும். நண்பகலில் கோயில் நடை சாத்துவார்கள் என்பதால் அதற்குமுன் அங்கு சேரவேண்டும். மேட்டில் கிடக்கும் ஓட்டுத் துண்டை நினைவுக்கென்று எடுத்துச் செல்வது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். இடம் பெயர்ந்த சில்லு எந்தக் காலத்தையும் சொல்லாது என்பதை வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இங்கு கண்டெடுத்த பலவற்றைக் காண வேறிடம் செல்லவேண்டியிருக்கிறது. 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயிலில் கொழும்புக்குத் திரும்புவோர், அங்குள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மாந்தையின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டைத் தேடிப் பார்க்கலாம். மாதோட்டமான இராசராசபுரத்தில், இராசராச ஈச்சரம் என்னும் சிவன் கோயிலைச் சோழ நாட்டைச் சேர்ந்த தாழி குமரன் எடுப்பித்து நிவந்தம் அளித்ததை அது பதிவுசெய்கிறது.