பாய்லர் நின்ற வீட்டில் எவ்வளவு வெப்பம் வேண்டும்?

2010-ல் பிரிட்டன் நூறாண்டுகளில் காணாத டிசம்பர் குளிரைக் கண்டது. மத்திய இங்கிலாந்தில் அந்த மாதத்தின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 0.7 டிகிரி. வீட்டுக்குள் வெப்பம் மிக அவசியமான அந்த வாரங்களில்தான் வீடுகளின் பாய்லர்கள் வரிசையாக நின்றுபோயின. பிரிட்டனில் பாய்லர் என்றால் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. இயற்கை எரிவாயுவில் எரிந்து, நீரைச் சூடாக்கி, எல்லா அறைகளிலும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும். குளிக்கும் வெந்நீரும் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் அதை நம்பி இருக்கின்றன. அன்று பல பெட்டிகள் நின்றதற்குக் காரணம் அவற்றின் சிக்கனம்தான். ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டே கால் கிலோ நீராவி உண்டாகும். பழைய பாய்லர்கள் அதைப் புகையோடு வெளியே விட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரலிலிருந்து விதிப்படி கட்டாயமான கண்டென்சிங் பாய்லர்கள், அந்த நீராவியைக் குளிர்வித்து நீராக்கி, அப்போது வெளிப்படும் உள்ளுறை வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. மிஞ்சும் நீர் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சொட்டுச்சொட்டாக வெளியேறும். அந்தக் குழாய் வெளிச்சுவரில் திறந்து கிடந்தால், சொட்டுகள் உறைந்து அடைத்துக்கொள்ளும். நீர் பின்வாங்கிப் பெட்டிக்குள் ஏறும்; பாய்லர் களகளவென்று சத்தமிட்டுப் பாதுகாப்புக்காகத் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். வெளியே உள்ள குழாயின்மேல் வெதுவெதுப்பான நீரை (கொதிநீரை அல்ல) ஊற்றி, ரீசெட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதிகம் குளிர்ந்த நாளில்தான் பழுது வரும், அன்றுதான் ரிப்பேர் ஆளும் கிடைக்கமாட்டார்.

எல்லாப் பழுதும் ஒரு குவளை நீரில் தீராது. எரிவாயு இணைப்பில் பிரிட்டனில் பதிவு பெற்ற தொழிலாளர் மட்டுமே கைவைக்கலாம். பனிக்காலத்தில் அவர் வர நாட்கள் ஆகும். அந்த நாட்களை எப்படிக் கடப்பது? போன வெப்பத்துக்கு ஈடாக அதே அளவு வெப்பத்தை வேறு வழியில் கொண்டுவர வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கடைகளில் ஃபேன் ஹீட்டர்கள் தீர்ந்துபோவது இதனால்தான். இந்த எண்ணமே தவறு என்பது என் வாதம். அந்த நாட்களில் எவ்வளவு வெப்பத்தை உண்டாக்குவது என்பதைவிட, எவ்வளவு இடத்தைச் சூடாக வைப்பது என்பதே முக்கியமான கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியைவிட உள்ளே கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 250 வாட் வீதம் வெப்பத்தை வெளியே விடும் ஒரு செங்கல் வீட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் நடுத்தர வீட்டுக்கு இது மிகையான அளவு அல்ல. வெளியே சுழியம், உள்ளே 20 டிகிரி என்றால் இடைவிடாமல் 5 கிலோவாட் வேண்டும். ஒரு நாளைக்கு 120 யூனிட். எரிவாயுவில் இது சாதாரணம். மின்சாரத்திலோ, யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தாலும் நாளொன்றுக்கு 30 பவுண்டு. அங்கே மின்சாரம் எரிவாயுவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. பணம் இருப்பவருக்கும் கம்பி இடம் கொடுக்காது. ஒரு பிளக் 13 ஆம்பியர், அதாவது 3 கிலோவாட்தான் தாங்கும். வீட்டின் பிளக்குகளைக் கோத்துச் செல்லும் ரிங் சர்க்யூட் வழக்கமாக 32 ஆம்பியர், சுமார் 7 கிலோவாட்; ஒரே சுற்றில் மூன்று ஹீட்டர்களோடு கெட்டிலையும் போட்டால் அது துண்டித்துக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் கம்பியில் ஹீட்டர்களை அடுக்கினால் தீ. இடையில் ஒரு சொல்: மற்றவற்றைவிடச் சிக்கனமான ஹீட்டர் என்று விளம்பரம் செய்பவரை நம்ப வேண்டாம். சாதாரண மின் ஹீட்டர் எந்த வடிவில் இருந்தாலும், எண்ணெய் நிரப்பியதானாலும் விசிறி வைத்ததானாலும், ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பத்தையே தரும்.

இடத்தைச் சுருக்கினால் இந்தக் கணக்கே மாறிவிடும். ஓர் அறையை மட்டும் தேர்ந்து, கதவை மூடி, கீழ் இடைவெளியில் துணியைச் செருகி, மாலையில் திரைச்சீலையை இழுத்துவிட்டால் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவாட் போதும். இன்னும் சுருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே 100 வாட் அளவுக்கு வெப்பம் தருகிறது. அது எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே நமக்குக் குளிர்கிறது. ஆடையின் தடையை அளக்க 1941-ல் அமெரிக்காவில் க்ளோ என்ற அலகை வகுத்தார்கள்: 21 டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பவரை இதமாக வைக்கும் உடை 1 க்ளோ. அதை இரண்டாக்கினால் ஏறக்குறைய 15 டிகிரியிலும் அதே இதம் கிடைக்கும். உடையை எங்கே கூட்டுவது என்பதிலும் விஷயம் உண்டு. விரல் சில்லிடுவது பெரும்பாலும் உடற்பகுதி வெப்பத்தை இழக்கும்போதுதான்; மூளை அப்போது கைகால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே கையுறைக்கு முன் நெஞ்சுக்கு ஓர் அடுக்கு. மின்போர்வை 100 வாட்டுக்குள் ஒருவரை இரவெல்லாம் காப்பாற்றும். இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பை 60 டிகிரியிலிருந்து 35-க்கு ஆறும்போது தருவது 58 வாட்-மணிதான். அறையை அது அசைக்காது. ஆனால் போர்வைக்குள் வைத்தால் அத்தனையும் உடலுக்குப் போகும்.

இதற்கு எதிராக மருத்துவர்கள் சொல்வதை லேசாகத் தள்ள முடியாது. குளிர் கொல்வது பெரும்பாலும் உடல் உறைந்து அல்ல. ரத்த அழுத்தம் ஏறி, ரத்தம் அடர்ந்து, இதயமும் நுரையீரலும் தளர்வதால்தான். எத்தனை சட்டை போட்டாலும் மூச்சில் இழுப்பது குளிர்ந்த காற்றே. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்றது. பொதுச் சுகாதார ஆய்வாளர் மைக்கேல் மார்மட் குழுவின் 2011 அறிக்கை, பிரிட்டனில் குளிர்காலத்தில் கூடுதலாக நிகழும் இறப்புகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றை மிகக் குளிர்ந்த கால்பங்கு வீடுகளின் கணக்கில் வைத்தது. அந்தக் காலத்தில் பாய்லரா இருந்தது என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் உண்டு. 1970-ல் பிரிட்டிஷ் வீடுகளின் குளிர்காலச் சராசரி வெப்பநிலை சுமார் 12 டிகிரி என்கிறது அரசின் மதிப்பீடு. அதற்கும் முன், இன்ஃப்ளுயன்ஸாவும் சேர்ந்துகொண்ட 1950-51 குளிர்காலத்தில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள். தாங்கிக்கொண்டவர்கள் மட்டுமே பிற்பாடு கதை சொல்ல இருந்தார்கள். எனவே 18 டிகிரியை விட்டுவிடச் சொல்லவில்லை. 5 கிலோவாட்டை ஐந்து அறைகளுக்குத் தேடி எங்குமே 18-ஐ எட்டாமல் போவதைவிட, ஓர் அறையில் அதை உறுதியாக எட்டுவது மேல். கைக்குழந்தை, எழுபது கடந்தவர், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், ரிப்பேர் முடியும்வரை அவர்களை உறவினர் வீட்டுக்கு அனுப்புவது எந்தக் கணக்கையும்விடச் சரி. கம்பளி போட்டுச் சமாளி என்று வாடகைதாரரிடம் சொல்லும் வீட்டுக்காரருக்கு என் வாதம் உதவாது: 1985-ம் ஆண்டு வீட்டுக்காரர்-வாடகைதாரர் சட்டத்தின் 11-ம் பிரிவு, வெப்பச் சாதனங்களைப் பழுதின்றி வைத்திருப்பதை அவர் பொறுப்பாக்கியிருக்கிறது.

சுருக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. மூடிய அறையில் எதையும் எரிக்கக் கூடாது. கரி அரைகுறையாக எரிந்தால் வரும் கார்பன் மோனாக்ஸைடு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றும்; நிறமும் இல்லை, மணமும் இல்லை. உதகை, கொடைக்கானல் அறைகளில் கரியடுப்பை மூட்டி உறங்கியவர்கள் காலையில் எழாத செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸில் பனிப்புயலோடு மின்சாரமும் போனபோது 246 பேர் இறந்ததாக அம்மாநிலம் கணக்கிட்டது. உடல் வெப்பம் குறைந்து இறந்தவர்களோடு இந்த வாயுவால் இறந்தவர்களும் அதில் உண்டு. மண்ணெண்ணெய் ஹீட்டருக்கு வேறொரு குறையும் உண்டு: ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் அறைக் காற்றில் கலந்து, குளிர்ந்த சுவரில் படிந்து, பூஞ்சையாகும். ஈரத்தை வெளியேற்ற நாளுக்கு இருமுறை சில நிமிடங்கள் ஜன்னலைத் திறந்து மூடினால் போதும். அதில் போவது காற்றின் வெப்பம் மட்டும். சுவரும் சாமான்களும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். விட்டுவிட்ட அறைகளில் குழாய் வெடிக்காதா என்பது நியாயமான கவலை. நீர் உறையும்போது 9 சதவீதம் பருக்கும். ஆனால் ஆள் இருக்கும் வீட்டில் இந்த அபாயம் பரணிலும் வெளிச்சுவரை ஒட்டியும் ஓடும் குழாய்களுக்கே அதிகம். அவற்றுக்கு உறை போட்டு, தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே என்று தெரிந்துகொண்டால் போதும்.

பாய்லர் நின்றதும் வீடு ஏன் இத்தனை விரைவாகச் சில்லிட வேண்டும் என்பதுதான் உண்மையில் அதிகம் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2020-ல் ஒரு தெர்மோஸ்டாட் நிறுவனம் தன் கருவிகள் உள்ள ஐரோப்பிய வீடுகளை ஒப்பிட்டபோது, உள்ளே 20, வெளியே சுழியம் என்ற நிலையில், ஐந்து மணி நேரத்தில் ஜெர்மன் வீடுகள் 1 டிகிரியும் பிரிட்டிஷ் வீடுகள் 3 டிகிரியும் இழந்திருந்தன. 1991-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த முதல் பாஸிவ் ஹவுஸின் வழியில் கட்டப்படும் வீடுகளுக்குக் கடுங்குளிரிலும் சதுர மீட்டருக்கு 10 வாட்தான் தேவை. 100 சதுர மீட்டர் வீடு முழுவதற்கும் 1 கிலோவாட். அங்கே ஒரு சின்ன ஹீட்டரை வைத்துக்கொண்டு ரிப்பேர் ஆளுக்காக ஒரு வாரம் காத்திருக்கலாம். பிரிட்டனின் விவாதமோ பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்பதா என்பதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டியதுதான். ஆனால் ஹீட் பம்பும் பழுதாகும் இயந்திரம். அதற்கு மானியம் கொடுக்கும் அரசிடம் பரணுக்கும் சுவருக்கும் வெப்பக் காப்புப் போடும் வேலையையும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம்.