கோமாரியும் நோய் விஷத்தின் அளவும்

கோமாரி என்னும் கால்வாய் நோயின் குறிகளைப் பற்றி நமது நிலச்சுவான்தார்களுக்கும் குடியானவர்களுக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரே தொழுவத்தில் கட்டிய மாடுகளில் ஒன்று குளம்பு கழன்று வெகு நாள் எதற்கும் உதவாமற் போக, அடுத்த முளையில் நின்றது சில நாளில் தேறிப் புல் மேய்வது ஏன் என்று வினவினால், அது அதனதன் தலையெழுத்து என்று சொல்லிவிடுகிறார்கள். மாட்டின் ஜாதி, வயது, நோய்விஷத்தின் இனம் முதலிய காரணங்கள் உண்டுதான். எனினும் உடலிற் புகுந்த விஷத்தின் அளவும் ஒரு முக்கிய காரணமாகும். மற்றவை நம் கையில் இல்லை; இது பெரும்பாலும் நம் கையில் உள்ளது. ஆதலால் இதனை மாத்திரம் இங்கு விவரிக்கிறேன்.

இந்நோய்க்குக் காரணம் வைரஸ் என்னும் அதிசூக்ஷ்மமான கிருமி. மற்றக் கிருமிகளைத் தடுக்கும் வடிகட்டியிலும் இது ஊடுருவிச் செல்வதை 1898-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து லோப்லர், பிராஷ் என்னும் இருவர் வெளியிட்டனர். கால்நடை நோய்களுள் இவ்வகைக் கிருமியால் வருவதென முதன்முதல் அறியப்பட்டது கோமாரியே.

கிருமி தொண்டையிற் புகுந்து பெருகத் தொடங்கியதும் மாட்டின் உடலும் அதற்கு எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அப்பொருள் போதிய அளவு இரத்தத்தில் சேரச் சில தினங்கள் செல்லும். வயலில் நாலைந்து கோரைக்கிழங்கு கிடந்தால் பயிர் தலையெடுத்துக்கொள்ள அவகாசம் உண்டு; வயல் முழுதும் கிடந்தாலோ பயிர் முந்துவது அரிது. அதுபோலவே, புகுந்த கிருமி சொற்பமாயின் நோய் தாமதித்து வரும். மிகுதியாயின் இரண்டு மூன்று நாளிலேயே வெளிப்படுவதுடன், கடுமையாக இருப்பதற்கும் இடமுண்டு. கிருமி புகுந்து 2 முதல் 14 நாட்களுக்குள் நோய் வெளிப்படும் என்று சொல்லப்படுவதில் இத்துணை வித்தியாசம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகும் வழியும் கவனிக்கத்தக்கது. மூச்சுடன் உட்செல்லும் மிகச் சிறிய அளவே மாட்டுக்கு நோயை உண்டாக்கப் போதும். வாய்வழியாகவோ, அதைப்போல் பல்லாயிரம் மடங்கு வேண்டியிருக்கும். நோயுற்ற பன்றியின் மூச்சில் வெளிப்படும் கிருமி மாட்டின் மூச்சில் வருவதைவிடப் பன்மடங்கு அதிகம். 1981-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரான்சு தேசத்து பிரிட்டனிப் பகுதியில் பன்றிகளிடையே கண்ட இந்நோய், காற்றோடு கடலைக் கடந்து இங்கிலாந்தைச் சேர்ந்த வைட் தீவின் மாடுகளைப் பற்றியது.

கொப்புளத்து நீரிலும் அது உடையும் சமயத்து எச்சிலிலும் கிருமி மிக மிகுதி. சில நாட்களில் எதிர்ப்பொருள் ஏற ஏற அது குறைந்துவிடும். 2011-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், மாடு மற்றொரு மாட்டுக்கு நோயைக் கொடுக்கும் காலம் சராசரி இரண்டு நாளுக்கும் குறைவென்றும், அது குறிகள் தோன்றிய பிறகே தொடங்கிற்றென்றும் கண்டனர். ஆகவே நுரை கண்ட அன்றே தனியே கட்டுவதில் பெரும் பயன் உண்டு. நம்மவரோ இரண்டு நாள் மருந்து கொடுத்துப் பார்த்து, மற்றவையும் படுத்த பிறகே பிரிக்கிறார்கள்.

பாலின் விஷயம் வேறு. வாய்ப்புண் தோன்றுவதற்கு முன்னரே பாலில் கிருமி காணப்படுவதுண்டு. கன்றோ அப்பாலை வயிறு நிறையக் குடிக்கிறது. இளங்கன்றுகளில் இக்கிருமி இருதயத்தின் தசையைத் தாக்குவதால், வாயில் ஒரு புண்ணும் தோன்றாமலே அவை திடீரென்று மாண்டுபோகின்றன. தாய் நோயுற்றிருக்க, மடி கட்டிக்கொள்ளுமென்று கன்றை ஊட்டவிட்டு, மறுநாட் காலையில் அதனைப் புதைத்த வீட்டை நானே கண்டிருக்கிறேன். பசு பிழைத்துக்கொண்டது. அத்தகைய பாலைக் கன்றுக்குக் காய்ச்சி ஆற்றியே புகட்ட வேண்டும். மடியைக் கையாற் கறந்து காலியாக்கலாம்.

நோயுற்ற மாட்டின் எச்சிலைத் துணியில் தோய்த்து மற்ற மாடுகளின் வாயில் தேய்த்து, எல்லாவற்றிற்கும் ஒரேயடியாய் வந்து தொலையட்டும் என்னும் வழக்கமும் சிற்சில இடங்களில் இருந்ததுண்டு. வேலைக்காலத்தில் நோய் நீடிக்காதிருக்கச் செய்த உபாயம் அது. அதன் எண்ணம் விளங்காமலில்லை. ஆயினும் கிருமி மிகுந்த எச்சிலை அளவு தெரியாமற் கொடுப்பது அபாயமே. சினைமாடும் கன்றும் உள்ள தொழுவத்தில் இதனை நினைக்கவும் கூடாது.

தொழுவத்தின் தரை, தொட்டி, தாம்புக்கயிறு, ஆளின் கால் ஆகியவற்றைப் பத்து லிட்டர் நீருக்கு 400 கிராம் வீதம் சலவைச் சோடா கரைத்துக் கழுவினால் கிருமி அழியும். சாணத்தை முன்னதாக வாரிவிட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் பயனில்லை. நோயுற்றதைப் பேணும் ஆள் மற்ற மாடுகளை முதலிற் பார்த்துவிட்டுப் பிறகு இதனிடம் வரட்டும்.

தடுப்பூசி போட்ட மாட்டுக்கும் வந்துவிட்டதே என்று சிலர் குறைகூறுகின்றனர். ஊசி உடலுக்கு முன்கூட்டியே எதிர்ப்பொருளைத் தருகிறது. ஆனால் நோயுற்ற பல மாடுகளின் நடுவே கட்டினால் அந்த எதிர்ப்பையும் மிஞ்சும் அளவு கிருமி புகலாம். அப்பொழுதும் ஊசி போட்ட மாடு வெளிவிடும் கிருமி குறைவாதலால் பக்கத்து மாட்டுக்கு அது அனுகூலமே. 2019-ம் வருஷத்தில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடப்படுகிறது. ஊரிற் பாதி மாடுகளை மட்டும் கொண்டுவருவதால் பலன் பாதியிலும் குறைவு.

கிராம அதிகாரிகள் ஒன்று கவனிக்க வேண்டும். 2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி, நோய் உண்டென்று சந்தேகப்படும் உடையவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்கவும், அந்த மாட்டைத் தனியே பிரிக்கவும் கடமைப்பட்டவர். தகவல் வந்த அன்றே அதனை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலமாய் அனுப்பி, ஊர்ப் பொதுத்தொட்டியில் அவ்வீட்டு மாடுகள் நீர் பருகாதபடியும், சந்தைக்கு ஓட்டிச் செல்லப்படாதபடியும் பார்த்துக்கொள்வாராக.